எல்லைக்கல் நிற்கும் வரை

எங்கள் அசூல் ஊரில் படகு வைத்திருக்கும் எவனும் சுபூரைப் பகைத்துக்கொள்ள மாட்டான். பகைத்தால் படகு ஒழுகும். வாய்க்கால் கரையில் நாணல் படகுகளுக்குத் தார் பூசும் ஐந்து பேரில் அவன்தான் கெட்டிக்காரன். அவன் பூசியது மூன்று வெள்ளம் தாங்கும். மற்றவன் பூசியது முதல் வெள்ளத்திலேயே வாயைப் பிளக்கும். ஆள் குட்டை, தோள் மட்டும் எருதுத் தோள். முழங்கை வரை தார் தெறித்துச் சுட்ட தழும்புகள். கோபம் மூக்கு நுனியில் குந்தியிருக்கும். ஒரு தடவை கோயில் எழுத்தன் ஒருவன், "தார் தண்ணியா இருக்கே" என்று சொல்லிவிட்டான். சுபூர் அவன் தாடியைப் பிடித்துத் தார்ச் சட்டிக்குள் முக்கி எடுத்து, "இப்ப பாரு, தண்ணியா?" என்றான். அந்த ஆள் ஒரு மாதம் மொட்டை மோவாயோடு திரிந்தான்.

அப்போதெல்லாம் எங்கள் ஊருக்கு அரசன் கிடையாது. கோயிலுக்கு ஒரு பூசாரி, தண்ணீர் திறந்துவிட ஒரு முறைகாரன், மற்ற எல்லாவற்றுக்கும் ஊர்க்கூட்டம். ஈட்டி பிடிக்கத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் இனானா தேவி கோயில் முற்றத்தில் கூடுவார்கள். நடுவில் பார்லிக் கள் பானை, அதற்குள் இருபது முப்பது நாணல் குழல்கள். முதலில் உறிஞ்சுவது, பிறகு பேசுவது. பேசி முடித்ததும் ஒருவன் "ஆகட்டும்" என்று சொல்ல, ஆள் ஆளாக "ஆகட்டும்" என்று வாங்கிச் சொன்னால் அது தீர்மானம். சண்டை வந்தால் மட்டும் ஒருவனைப் பெரியாள் ஆக்குவோம். கோயில் கதவோரம் முளையில் தொங்கும் கதாயுதத்தை இறக்கி அவன் கையில் கொடுப்போம். அது அவன் கையில் இருக்கும் வரை அவன் சொல்தான் சொல். முடியாது என்றவன் மண்டையை அதாலேயே உடைக்கலாம், கேள்வி இல்லை. சண்டை முடிந்ததும் அதைத் திரும்ப முளையில் மாட்டிவிட்டு அவன் தன் வெங்காயப் பாத்தியைக் கொத்தப் போக வேண்டியதுதான்.

பக்கத்து ஊரான உம்சாத்துக்காரர்கள் ஒரு வெள்ளத்து வருஷம் எல்லைக்கல்லைப் பிடுங்கிச் சாய்த்துவிட்டு, எங்கள் வாய்க்காலில் வெட்டுப் போட்டுத் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். கூட்டம் கூடியது. உர்கூலா என்பவனைப் பெரியாள் ஆக்கலாம் என்றார்கள். கழுதை வண்டி நிறைய வைத்திருந்தவன், நன்றாகப் பேசுவான், யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பான். எது வரை என்று ஒரு கிழவர் கேட்டார். "எல்லைக்கல் மறுபடி அதோட இடத்துல நிக்கிற வரைக்கும்" என்றான் உர்கூலா.

முதலில் "ஆகட்டும்" என்று கத்தியவன் சுபூர். பக்கத்தில் இருந்த தூதூ, அவன் மனைவியின் தம்பி, நாணல் அறுக்கிறவன், குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மாமா, முதல் உறிஞ்சுக்கே ஏறிடுச்சா?"

"நீ வாயை மூடு. அவனுங்க நம்ம தண்ணியைக் குடிக்கிறானுங்க."

அவ்வளவுதான் யோசித்தது. கல் நின்றால் பதவி போகும். அந்தக் கல்லை நட வேண்டிய வேலையையும் பதவிக்காரன் கையிலேயே கொடுத்தார்கள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தார்கள் என்று இப்போது யாரும் சொல்லலாம். அன்றைக்கு அந்த முற்றத்தில் நானூறு பேர் இருந்தார்கள், ஒருவனுக்கும் அது தோன்றவில்லை.

முதல் சண்டை எல்லை வாய்க்கால் ஓரத்தில் நடந்தது. சுபூர் இரண்டாம் வரிசை. தூசியில் ஆள் முகம் தெரியவில்லை. எதிரே வந்த கேடயத்துக்குக் கீழே ஈட்டியைச் செருகினான், அது வயிற்றில் இறங்கிற்று. கேடயம் சாய்ந்தபோது பார்த்தால், உம்சாத்து நாணல் வியாபாரி. வருஷத்துக்கு இரண்டு முறை வந்து சுபூரிடம் தார் வாங்கிப் போகிறவன்.

"அடே, தார்க்காரனா நீ?" என்றான் அவன், ஏதோ சந்தையில் பார்த்த மாதிரி. பிறகு ஈட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் நெஞ்சில் காலை வைத்துத்தான் சுபூர் ஈட்டியை உருவ வேண்டியிருந்தது.

அன்று அறுபது பேரைப் பிடித்தார்கள். ஓடாமல் இருக்கக் கண்ணைக் குத்திவிடு, கண்ணில்லாதவன் ஏற்றம் இறைப்பான், கண்ணில்லாதவன் மாவு அரைப்பான் என்றான் உர்கூலா. செம்பு ஊசியைக் காய்ச்ச நெருப்பு வேண்டுமே? தார் அடுப்பு இருந்தது. சுபூர் ஊதி ஊதி ஊசியைச் சிவக்க வைத்துக் கொடுத்தான். உர்கூலாவின் ஆள் ஒருவன் வாங்கிக் குத்தினான். இரண்டு பேர் தலையைப் பிடித்தார்கள். இருபதாவது ஆளுக்கு மேல் யாரும் கத்தவில்லை, வரிசையில் நின்றபடியே மூத்திரம் போனார்கள். சுபூர் நாணலுக்குள் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி ஊதினான்.

வீட்டுக்கு வந்து மனைவி நின்மூவிடம் சொன்னான், "நான் ஊசியைக் காய்ச்சினேன். குத்தலை."

"ஆமா, நெருப்பு உன்னுது, கை அவனுது. ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துதான் செஞ்சிருக்கீங்க" என்றாள் அவள். அன்றைக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

பிடிபட்டவர்களை வீட்டுக்கு ஒருவர் இருவராகப் பகிர்ந்தார்கள். சுபூருக்கு இரண்டு பேர். அதில் ஒருவன் பெயர் இப்லூ, வாய்த் துடுக்குக்காரன். எல்லை வாய்க்காலுக்கு அப்பால் பிடித்த வயல்களும் பங்கு பிரிந்தன. எல்லாருக்கும் வாய் நிறைய. கல் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "அவனுங்க உடைச்சு எங்கேயோ போட்டுட்டானுங்க, தேடறோம்" என்றான் உர்கூலா. தேடினார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் வருஷமும் அறுவடை முடிந்ததும் படை போயிற்று, மூன்றாம் வருஷமும் போயிற்று. கதாயுதம் உர்கூலா வீட்டு முளையில் தொங்கியது. அவன் வாசலில் காவல், காவலுக்கு ஐம்பது பேர், ஐம்பது பேருக்கும் ஊர்க் களஞ்சியத்திலிருந்து படி. கூட்டம் கூடுவது குறைந்து, கூடினால் உர்கூலாவுக்கு நாற்காலி என்று ஆயிற்று.

அந்த ஐம்பதில் ஒருவனாகச் சேர்ந்தான் அமர்கி. சுபூருக்கும் நின்மூவுக்கும் ஒரே பிள்ளை, இருபது வயது, அப்பன் தோள், அம்மா முகம். செம்புத் தொப்பியோடு வீட்டு வாசலில் வந்து நின்றவனைச் சுபூர் ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னடா இது, தலையில சட்டியைக் கவுத்திருக்கே?"

"சட்டி இல்லப்பா, தொப்பி. பெரியாள் குடுத்தது."

"கழட்டி வெச்சிட்டு வந்து அடுப்பை ஊது."

"தார் ஊதறதுக்கா நான் பொறந்தேன்? உன் கையைப் பாரு. ஊருல எவனாவது உன்கூட ஒரே தட்டுல சாப்பிடறானா? கறுப்பா ஒட்டும்னு ஒதுங்கறான். என்னைப் பாத்தா வழி விடறான்."

"ஈட்டியைப் பாத்து வழி விடறான்டா, வெங்கப்பயலே."

பையன் தொப்பியைக் கழற்றவில்லை. மூன்றாம் வருஷமும் நான்காம் வருஷமும் போய் உயிரோடு வந்தான். அவனோடு போன ஐம்பதில் நான்காம் வருஷம் வராதவர்கள் பத்தொன்பது பேர். அவர்கள் உடம்பும் வரவில்லை. எங்கள் ஊரில் செத்தவனை வீட்டுத் தரைக்கு அடியில்தான் புதைப்போம். மண் குழாய் ஒன்றை இறக்கி, தினமும் ஒரு வாய் தண்ணீர் விடுவோம். தண்ணீர் கிடைக்காதவன் கீழே தூசியைத் தின்றுகொண்டு அலைவான். ஆனால் உர்கூலா அந்த வருஷம் நம் பிணங்களை எல்லையிலேயே குவித்து மண் போட்டு மேடு கட்டச் சொன்னான். "கல்லுக்குப் பதிலா இது நிக்கட்டும். எட்டத்துல இருந்து பாத்தாலே அவனுங்களுக்கு வயித்தைக் கலக்கணும்" என்றான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அவன் வாசலுக்குப் போனார்கள். காவல்காரர்கள் ஈட்டிக் காம்பால் அடித்து விரட்டினார்கள். விரட்டியவர்களில் அமர்கியும் இருந்தான். விரட்டப்பட்டவர்களில் அவன் அம்மாவும்.

அன்று நின்மூ வீட்டுக்கு வந்து தோள் வீங்கியபடி உட்கார்ந்து சொன்னாள், "அடுத்த அறுவடைச் சண்டைக்கு மலைக்காரனுங்களைக் கூலிக்குக் கூட்டிட்டு வர்றானாம் உம்சாத்துக்காரன். எம்புள்ளை அந்த மேட்டுக்குள்ள போயிடுவான்."

"போக மாட்டான். அறுவடைக்குள்ள அவனை வீட்டுக்குக் கொண்டாறேன்."

"எப்படி?"

சுபூருக்கு எப்படி என்று தெரியவில்லை. சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

வெயில் மாதத்தில் எல்லை வாய்க்கால் இடுப்பளவுக்கு வற்றும். தூதூவோடு நாணல் ஏற்றப் போன சுபூர், வளைவில் படகுக் கோலை ஊன்றினான். கோல் கல்லில் முட்டி வழுக்கியது. எங்கள் பக்கத்து வாய்க்காலில் கல்லே கிடையாது, எல்லாம் வண்டல். சுபூர் இறங்கி முங்கிக் கையால் தடவினான். ஆள் உயரம், வழவழப்பு, நடுவில் எழுத்துக் கீறல். எல்லைக்கல். உடையவே இல்லை, முழுசாகக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றை அறுத்து மேலே கொண்டுவந்து வெயிலில் பிடித்தான். தார் பூசிய கயிறு. முகர்ந்தான், நகத்தால் சுரண்டினான், கடித்தும் பார்த்தான்.

"என்ன மாமா, பசிக்குதா?"

"இது என் தாரு."

"அதெப்படி?"

"எள்ளுப் புண்ணாக்கு கலந்து காய்ச்சறது நான் ஒருத்தன்தான். உர்கூலா வண்டிக்காரன் முதல் சண்டை முடிஞ்ச வாரம் வந்து கயிறு வாங்கிட்டுப் போனான். வண்டி கட்டன்னு சொன்னான்."

தூதூ சிரிக்கவில்லை. சாதாரணமாக எதற்கும் சிரிக்கிறவன். "நாலு வருஷமா இது இங்கதான் கெடக்கா? அப்ப செத்தவனுங்கல்லாம்?" என்றான்.

"கல்லை நட்டுடுவோம். நட்டுட்டா சண்டை முடிஞ்சது. கதாயுதம் கோயிலுக்குப் போகணும், காவலைக் கலைக்கணும், பையன் வீட்டுக்கு வரணும். கூட்டத்துல சத்தியம் பண்ணிச் சொன்னா எவன் மறுப்பான்?"

ஊரில் எவனையும் உதவிக்குக் கூப்பிட முடியாது, பாதிப் பேர் எல்லைக்கு அப்பால் வயல் வைத்திருக்கிறார்கள். சுபூர் தன் வீட்டுக் குருடர்கள் இருவரையும், அக்கம்பக்கத்து ஏற்றத்தில் இறைத்துக்கொண்டிருந்த இன்னும் நான்கு குருடர்களையும் படகில் ஏற்றிக்கொண்டு போனான். நாணல் சுமக்க என்று வீட்டுக்காரர்களிடம் பொய் சொன்னான். இப்லூ படகின் மூக்கில் உட்கார்ந்து காற்றை மோந்தான்.

"எங்க ஊரு பக்கமா போறோம். ஈச்சம்பூ வாசம் அடிக்குது. எங்களை விக்கப் போறியா?"

"எல்லைக்கல்லைத் தூக்கி நடப்போறோம்."

"நட்டா?"

"சண்டை முடிஞ்சது. அங்கேயே உங்களை விட்டுடறேன், நடந்து போயிடலாம்."

"கண்ணு?"

சுபூர் கோலை ஊன்றிப் படகைத் தள்ளினான். இப்லூவும் அவனை விடவில்லை. "சும்மா கேட்டேன்யா. ஊசி காய்ச்சினது நீதான்னு எனக்குத் தெரியும். உன் இருமல் அன்னிக்கே காதுல ஏறிடுச்சு" என்றான்.

கயிற்றை மாட்டி, கரையில் ஈரக் களிமண்ணைச் சரித்துப் பூசி, ஆறு குருடர்களும் சுபூரும் தூதூவும் இழுத்தார்கள். குருடர்கள் நன்றாக இழுத்தார்கள். நான்கு வருஷ ஏற்றம் கொடுத்த முதுகு. கல் வழுக்கிக் கரை ஏறிற்று. பழைய குழி அப்படியே இருந்தது. கல்லின் அடி குழி வாயில் முட்டி நின்றபோது மேட்டுப் பக்கமிருந்து ஒரு காவல்காரன் ஓடி வந்தான். ஒரே ஒருவன், மேட்டுக்குக் காவல் போட்டிருந்த ஆள்.

"யாருடா அது? விடுங்கடா கல்லை!"

தூதூ முன்னால் போய் இரண்டு கையையும் விரித்தான். "அண்ணே, பதறாதே, நம்ம கல்லுதான்..." காவல்காரன் ஓடிவந்த வேகத்திலேயே ஈட்டியை அவன் தொண்டைக்குள் செலுத்தினான். தூதூ நின்றபடியே இரண்டு தடவை இருமினான், இருமலோடு ரத்தம் காவல்காரன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணைத் துடைப்பதற்குள் சுபூர் அவன் மேல் விழுந்தான். இரண்டு பேரும் உருண்டு வாய்க்காலுக்குள் போனார்கள். சுபூர் அவன் செம்புத் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து வண்டலுக்குள் அழுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டான். அவன் கை தண்ணீருக்கு மேலே வந்து சுபூரின் காதைக் கிழித்தது. சுபூர் விடவில்லை. கை விழுந்த பிறகும், நுரை நின்ற பிறகும், இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டுதான் இருந்தான்.

"முடிஞ்சதா?" என்றான் கரையிலிருந்து இப்லூ. "யாரு முடிஞ்சது?"

கல்லை நிமிர்த்தி, குழியை மூடி, மிதித்தார்கள். ஆறு பேரையும் வரிசையாக ஒருவன் தோளை ஒருவன் பிடிக்கச் செய்து, உம்சாத்துப் பக்கம் திருப்பிவிட்டான் சுபூர். அவர்கள் போனார்கள். தூதூவைப் படகில் கிடத்தி, ஈக்களை ஓட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

அவன் நேரே கோயிலுக்குப் போய், தெய்வத்தின் பெரிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றான். எங்கள் ஊரில் வலையைப் போட்டு நிற்பவனுக்காகக் கூட்டம் கூடியே ஆக வேண்டும். வலைக்குள் நின்று பொய் சொன்னவனுக்குச் சுட்ட செங்கல்லால் பல்லை உடைப்பார்கள், அதுவும் வழக்கம். எல்லாரும் வந்தார்கள். உர்கூலா நாற்காலியில் வந்து உட்கார்ந்தான், மடியில் கதாயுதம். அவன் பின்னால் காவல், காவலில் அமர்கி.

"கல் நிக்குது" என்றான் சுபூர். "இந்தக் கையால நட்டேன். வாய்க்கால்லதான் கெடந்தது, என் தார்க்கயித்துல கட்டி நம்ம ஆளே போட்டிருக்கான். சண்டை முடிஞ்சது. கதாயுதத்தை முளையில மாட்டச் சொல்லுங்க. உங்க புள்ளைங்களை வீட்டுக்குக் கூப்பிடுங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. உர்கூலா கோபப்படவில்லை. எழுந்து, சாவு வீட்டில் பேசுகிற அதே குரலில் பேசினான்.

"சுபூர் பெரிய காரியம் பண்ணியிருக்கான். நிக்கட்டும் கல். கல் நின்னா அதுக்கு அந்தாண்டை இருக்கற வயலெல்லாம் அவனுங்களுது. பார்லி கதிர் வெச்சிருக்கு, அப்படியே விட்டுட்டு வந்துடணும். வீட்டுல இருக்கற குருட்டுப் பயலுங்களையும் திருப்பிடணும். சரிதானே? அப்புறம் ஒரு கேள்வி. ஆறு பேரை ஏத்திக்கிட்டுப் போனியே சுபூர், அதுல நாலு பேரு மத்தவங்க வீட்டு ஆளு. எங்கே?"

"விட்டுட்டேன்."

"என் ஏத்தத்தை எவன்டா இறைப்பான்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "என் வயலைக் குடுக்க நீ யாரு?" என்றான் இன்னொருவன். சுபூர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் அவன் படகு பூசிக் கொடுத்த முகங்கள்.

உர்கூலா கதாயுதத்தைக் கையில் எடுத்தான். "மேட்டுல காவல் நின்னவனைக் காணோம்னு சொல்றாங்க. இவன் அங்க போயிருந்தா, அவனைக் கொன்னது இவன்தான். கல்லை நட்டது நெசம்னா கொலையும் நெசம். நெசம்தானே சுபூர்?"

சுபூர் வாயைத் திறந்தான். அதற்குள் காவல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொய்! எங்கப்பன் பொய் சொல்றான்!"

அமர்கி முன்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாணல் அறுக்கப் போன எடத்துல மலைக்காரனுங்க எங்க மாமனைக் குத்திட்டானுங்க, குருடனுங்க ஓடிட்டானுங்க. அதுல இவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. பொய்யி!"

கல் நிற்கும் இடம் அரை நாள் நடை. போய்ப் பார்க்கலாம் என்று ஒருவனும் சொல்லவில்லை. பொய் என்றால் வயல் மிஞ்சும். "பொய்" என்றான் ஏற்றக்காரன். "பொய்" "பொய்" என்று முற்றம் முழுக்க வாங்கிச் சொன்னார்கள். உர்கூலா அமர்கியை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கூட்டமே பொய் என்றுவிட்ட பிறகு கொலையை எப்படிப் பிடிப்பது? செங்கல்லைக் கொண்டுவரச் சொல்லி அமர்கியிடமே நீட்டினான்.

"புள்ளை சொன்னான், புள்ளையே செய்யட்டும்."

இரண்டு பேர் சுபூரின் தலையைப் பிடித்தார்கள். அமர்கி மெதுவாக அடிக்கவில்லை. மெதுவாக அடித்தால் உர்கூலா வேறு ஆளிடம் கொடுப்பான். மூன்று அடி. முன்பற்கள் எல்லாம் உள்ளே போயின, மேலுதடு இரண்டாகக் கிழிந்து தொங்கிற்று.

அப்பனை முதுகில் தூக்கிக்கொண்டு அவன்தான் வீட்டுக்கு வந்தான். நின்மூ வாசலில் நின்றாள்.

"எவன்டா பண்ணினது?"

"நான்தான்மா."

அவள் கையில் கிடைத்த உலக்கையால் அவனை அடித்தாள். தோளில், முதுகில், கை ஓயும் வரை. அவன் அப்பனை இறக்கிக் கிடத்திவிட்டு அடி வாங்கிக்கொண்டு நின்றான். "பொய்யின்னு சொல்லலேன்னா தலை போயிருக்கும்மா. பல்லுதானே போச்சு" என்றான். பிறகு அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கி அழுதான். சுபூர் ரத்தம் வழியும் வாயால் என்னவோ சொன்னான். வீட்டிலேயே இருடா என்றுதான் சொல்லியிருப்பான், வார்த்தையாக வரவில்லை. இருந்துவிடலாம் என்றுதான் அமர்கிக்கும் ஆசை. காவலை விட்டு ஓடினால் வீட்டோடு எரிப்பார்கள். அறுவடை முடிந்தது, படை கிளம்பியது, அவனும் கிளம்பினான். எல்லைக்குப் போனதும் முதல் வேலையாகக் கல்லைத் திரும்ப வாய்க்காலுக்குள் தள்ளச் சொன்னார்கள். தள்ளியவர்களில் அவனும் ஒருவன்.

மலைக்காரர்கள் வந்திருந்தார்கள். படை திரும்பியபோது வண்டிகளில் பிணம் இல்லை, எல்லையில் இரண்டாவது மேடு இருந்தது. அமர்கி வண்டியோடு நடந்தும் வரவில்லை.

நின்மூ அழவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுபூர் இன்னொன்றை எடுத்துக்கொண்டான். காலையில் அந்தப் புது மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து தோண்ட ஆரம்பித்தார்கள். மேட்டுக்கு நான்கு காவல்.

"தார்க்காரா, போயிடு. மேட்டைத் தொட்டா கொல்லச் சொல்லி உத்தரவு" என்றான் ஒருவன். சுபூர் தோண்டினான். ஈட்டிக் காம்பால் தலையில் அடித்தார்கள், விழுந்தான், எழுந்து தோண்டினான். நின்மூ அடிக்கிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் கால் தெரிந்தது. யார் பிள்ளையோ. அதைத் துடைத்து ஓரமாகக் கிடத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

உச்சி வெயிலில் ஊர்ப் பக்கமிருந்து ஏற்றக்காரன் வந்தான், "என் ஏத்தத்தை எவன் இறைப்பான்" என்று கத்தினானே, அவன்தான். அவன் தம்பியும் இந்த மேட்டில் கிடந்தான். வந்தவன் குனிந்து மண்ணைக் கையால் வாரினான். ஒரு காவல்காரன் அவன் விலாவில் ஈட்டியை இறக்கினான். அதைப் பின்னால் வந்த ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். மண்வெட்டிகள் காவல்காரன் மேல் இறங்கின. முகம் எது பிடரி எது என்று தெரியாமல் ஆகும் வரை இறங்கின. மற்ற மூன்று பேரில் இருவர் ஓடினார்கள். ஒருவன் ஈட்டியைப் போட்டுவிட்டு, தன் அண்ணனும் உள்ளேதான் என்று சொல்லித் தானும் தோண்ட உட்கார்ந்தான்.

பொழுது சாயும் முன்னே முந்நூறு பேர் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, கள் பானை இல்லை, பேச்சு இல்லை. உர்கூலா கழுதை வண்டிகளோடு வந்தான். வண்டி மேல் நின்று கதாயுதத்தை உயர்த்தினான். ஒருவன் நிமிரவில்லை. பெண்கள் பிணங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பின்னால் இருந்த காவல்காரர்களே இரண்டு பேர் வண்டியை விட்டு இறங்கி வந்தார்கள். உர்கூலாவுக்குக் கை வலித்திருக்கும், கதாயுதத்தை இறக்கினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

கதாயுதம் கோயில் முளைக்குத் திரும்பவில்லை, அதை மறைப்பானேன். உர்கூலா செத்த பிறகு அவன் மகன் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டான், இன்றைக்கு அவன் பேரன் வைத்திருக்கிறான். கல் இன்னும் வாய்க்காலில்தான் கிடக்கிறது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் செத்தவர்களை எல்லையில் குவிக்க எந்தப் பெரியாளும் துணியவில்லை.

அமர்கி ஆறாவது அடுக்கில் கிடைத்தான். கண், மூக்கு ஒன்றும் மிச்சமில்லை. குழந்தையாக இருந்தபோது தவழ்ந்து போய்த் தார்ச் சட்டியில் கையை வைத்த தழும்பு உள்ளங்கையில் இருந்தது, அதை வைத்து நின்மூ கண்டுபிடித்தாள். நாணல் பாயில் சுற்றி, சுபூர் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு அரை நாள் நடந்தான். வழியில் மாற்ற ஆள் வந்தபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அடுப்புக்குப் பக்கத்துத் தரையைத் தோண்டி இறக்கி, மண் போட்டு மூடி, குழாயை நட்டான். நின்மூ குடத்திலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு குழாயில் ஊற்றினாள்.

"குடிடா" என்றாள்.